ஒரு தாளுக்கு இரண்டு பக்கம்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. பாளையக்காரர்கள் காலத்தில் அது ஒரு பாளையம்; பிறகு ஜமீன். இன்று கரிசல் காட்டுக்கு நடுவே பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் நிறைந்த பகுதி. இங்கே தயாராகும் பட்டாசில் காகிதம் இரண்டு விதமாகச் சேர்கிறது. வெளியே ஒட்டும் வண்ண லேபிள் ஒன்று. மருந்தைச் சுற்றியிருக்கும் காகிதச் சுருள் இன்னொன்று. லேபிளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். பசை தடவி ஒட்டிய பிறகு அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் தீபாவளிக்கு மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பாருங்கள். செய்தித்தாள், பழைய பாடப்புத்தகம், யாரோ எழுதிய நோட்டு என்று பலவும் தெரியும். பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும்.

ஒட்டுகிற தாளுக்கு ஒரு பக்கம் போதும். படிக்கிற தாளுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். முன்பக்கத்தை அச்சிட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். திருப்பிப் போட்ட பிறகுதான் தாள் தன் குணங்களை ஒவ்வொன்றாகக் காட்டும்: ஒளியை விடும், எண்ணெயைக் குடிக்கும், ஈரத்தில் விரியும், சூட்டில் சுருளும். இவற்றைப் புரிந்துகொண்டால்தான் ஒரு தாளை முழுதாகப் பயன்படுத்த முடியும்.

லேபிளில் தொடங்கிய ஊர்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த, வெயில் மிகுந்த இந்த மண்ணில் தீக்குச்சி நன்றாகக் காய்ந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதை வெளியூரில் அடித்து வாங்குவதைவிட இங்கேயே அடிக்கலாம் என்று லித்தோ என்னும் கல்லச்சு அச்சகங்கள் வந்தன. பட்டாசுத் தொழில் வளர வளர லேபிள் தேவையும் பெருகியது. சிவகாசியின் அச்சுத்தொழில் இப்படி ஒரு பக்க அச்சிலிருந்துதான் புறப்பட்டது.

பிறகு காலண்டர், டைரி, நோட்டு, பாடநூல் என்று வேலைகள் வந்தபோது பின்பக்கத்துக்கும் மை ஏறியது. ஆடி 18 அன்று புதிய ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அன்று தொடங்கும் பருவம் மார்கழி வரை ஓயாது. லேபிள் அடித்துப் பழகிய ஊர் புத்தகம் அடிக்கக் கற்றதில், இருபக்க அச்சின் சிக்கல்கள் எல்லாமே அடங்கியிருக்கின்றன.

ஓலையும் சீனத் தாளும்

தமிழர்களுக்கு இரண்டு பக்கமும் எழுதுவது புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது கோடு ஓலையின் மேற்பரப்பில் மட்டும் விழுகிறது. மறுபக்கம் வரை போவதில்லை. பிறகு கரியைத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். ஓலைக்குள் எதுவும் ஊறாது. அதனால் ஏட்டின் இரு புறமும் எழுத முடிந்தது.

சீனாவில் நிலைமை வேறு. அங்கே மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கி, மை தடவி, மேலே மெல்லிய தாளை வைத்து, தாளின் முதுகைத் தூரிகையால் தேய்த்து அச்செடுத்தார்கள். முதுகில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் தேய்க்கும்போது அது கெட்டுவிடும். மெல்லிய தாளில் நீர் மை மறுபக்கமும் தெரியும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வெறுமையான பக்கம் உள்ளே போகும்படி மடித்துத் தைத்தார்கள். தாள், மை, அழுத்தும் முறை மூன்றும் சேர்ந்து அந்தப் புத்தகத்தின் வடிவத்தை முடிவு செய்தன.

ஐரோப்பாவில் குட்டன்பர்க் காலத்து அச்சில் தாள் கனமானது, மை எண்ணெய் கலந்தது, அழுத்தம் மரத்திருகால் வந்தது. அங்கே பின்பக்கத்தையும் அச்சிட முடிந்தது. ஆனால் முன்பக்கத்து எழுத்துக்கு நேர் பின்னால் பின்பக்கத்து எழுத்து விழ வேண்டுமே? தாளின் ஓரத்தில் ஊசியால் துளையிட்டு, திருப்பிப் போடும்போது அதே துளைகளில் அதே ஊசிகளை நுழைத்தார்கள். குட்டன்பர்க் பைபிளின் பக்கங்களில் அந்த ஊசித் துளைகளை இன்றும் காணலாம்.

தமிழில் அச்சான நூல்களில் மிகப் பழைய ஒன்று 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். 16 பக்கம். ஐரோப்பிய முறையில் தமிழ் எழுத்து வார்க்கப்பட்ட அந்த நூலுக்குச் சீனத்திலிருந்து வந்த தாள் பயன்பட்டது. அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகள் கழித்து, தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் அச்சகம் நடத்தியபோது காகிதப் பஞ்சம் பெரும் பிரச்சினையாக இருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. தாளை அதிகம் தின்றன. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் காகித ஆலையும் தொடங்கினார்கள். தமிழ் அச்சு தொடக்கத்திலிருந்தே தாளை மிச்சம்பிடிக்கப் போராடியிருக்கிறது.

தாள் ஏன் வெள்ளையாக இருக்கிறது?

இரண்டு பக்கமும் அச்சிட்ட தாளில் முதலில் கண்ணை உறுத்துவது, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிவதுதான். இதைப் புரிந்துகொள்ள, பஜ்ஜி வைத்துக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். மற்ற இடம் வெள்ளையாகவே இருக்கும். காகிதம் அதேதான், கூடுதலாகச் சேர்ந்தது எண்ணெய் மட்டும்.

காகிதம் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. தனியாக எடுத்தால் ஓர் இழை கிட்டத்தட்ட நிறமற்றது, ஒளி ஊடுருவக்கூடியது. ஆனால் தாளுக்குள் இழைகளுக்கு இடையே கோடிக்கணக்கான காற்றிடைவெளிகள் உள்ளன. காற்றின் ஒளிவிலகல் எண் 1. செல்லுலோஸின் எண் ஏறக்குறைய 1.5. ஒளி காற்றிலிருந்து இழைக்கும் இழையிலிருந்து காற்றுக்கும் மாறும் ஒவ்வொரு இடத்திலும் திசை மாறிச் சிதறுகிறது. பலமுறை சிதறி வெளியே திரும்பும் ஒளிதான் தாளை வெள்ளையாகக் காட்டுகிறது, மறுபக்கத்தையும் மறைக்கிறது. சமையல் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.47 அளவில் இருக்கும். அது காற்றிடைவெளிகளை நிரப்பியதும் இழைக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாடு மறைகிறது. சிதறல் குறைகிறது. ஒளி நேராகக் கடந்துபோகிறது.

அச்சு மையிலும் எண்ணெய் உண்டு. மட்டமான தாளில் அந்த எண்ணெய் ஆழமாக இறங்கினால், பஜ்ஜிக் காகிதத்தில் நடந்ததே இங்கும் நடக்கும். ஆகவே பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தாளே மெல்லியது என்பது ஒன்று. மை உள்ளே இறங்கித் தாளின் மறைக்கும் திறனைக் கெடுத்துவிட்டது என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தாளை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு மையின் அளவையும் வகையையும் மாற்ற வேண்டும்.

தாளின் மறைக்கும் திறனை அளக்க எளிய முறை இருக்கிறது. கறுப்புப் பரப்பின் மேல் ஒரே ஒரு தாளை வைத்து, அது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறார்கள். பிறகு அதே தாள்களை ஒளி ஊடுருவாத அளவுக்கு அடுக்கி மறுபடி அளக்கிறார்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் மறைதிறன். அதை விழுக்காடாகச் சொல்வார்கள்.

மறைதிறனைக் கூட்டத் தாளைக் கனமாக்குவது ஒரு வழி. ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்வதுதான் ஜிஎஸ்எம். தமிழ்நாட்டுப் பாடநூலின் முதல் பக்கங்களைப் புரட்டினால், எத்தனை ஜிஎஸ்எம் தாளில் அச்சானது என்று ஒரு வரி இருக்கும். பழைய நூல்களில் 60 என்றும் பிறகு வந்தவற்றில் 80 என்றும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வண்ணப் படங்கள் வரும் புத்தகத்துக்கு அந்தக் கூடுதல் 20 கிராம் வீண் செலவல்ல.

இன்னொரு வழி, காகிதக் கூழில் வெள்ளைக் கனிமத் தூளைச் சேர்ப்பது. கால்சியம் கார்பனேட் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. டைட்டானியம் டை ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் 2.5க்கும் மேல், சிறிதளவே போதும், ஒளியைப் பலமாகச் சிதறடிக்கும். பைபிள், அகராதி போன்ற தடித்த நூல்களை 40 ஜிஎஸ்எம்முக்கும் குறைந்த மெல்லிய தாளில் இருபுறமும் அச்சிட முடிவதற்கு இதுவே காரணம்.

நல்ல புத்தக வடிவமைப்பாளர்கள் இதற்கும் மேலே ஒன்று செய்வார்கள். முன்பக்கத்து வரிக்கு நேர் பின்னாலேயே பின்பக்கத்து வரி வரும்படி அமைப்பார்கள். நிழல் தெரிந்தாலும் அது எழுத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும்; வரிகளுக்கு நடுவேயுள்ள வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். கையில் இருக்கும் புத்தகத்தின் ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அச்சகம் எவ்வளவு அக்கறையோடு வேலை பார்த்தது என்று தெரிந்துவிடும்.

தவறிய தாள் தந்த ஆஃப்செட்

சிவகாசியின் பெரும்பாலான வேலை இன்று ஆஃப்செட் முறையில் நடக்கிறது. காகிதத்தில் இந்த முறையைக் கொண்டுவந்ததே ஒரு பின்பக்க அச்சுதான்.

1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த லித்தோவில், கல்லிலிருந்து தாளுக்கு மை நேரடியாகப் போனது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் அடிப்படை. 1904ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவர் லித்தோ இயந்திரம் ஒன்றை நடத்திவந்தார். தாளைத் தாங்கி அழுத்தும் உருளையில் ரப்பர் உறை இருந்தது. சில நேரம் தாள் ஒன்று ஊட்டத் தவறிவிடும். அப்போது மை தாளுக்குப் போகாமல் ரப்பரில் பதியும். அடுத்த தாள் வரும்போது அதன் முன்பக்கத்தில் வழக்கமான அச்சு விழும். பின்பக்கத்தில் ரப்பரிலிருந்த அச்சு இடவலம் மாறி விழும். கெட்டுப்போன தாள் என்று ஒதுக்கவேண்டியதுதான். ரூபெல் அதைக் கவனித்துப் பார்த்தார். வேண்டாமல் விழுந்த பின்பக்க அச்சு, வேண்டி அடித்த முன்பக்க அச்சைவிடத் தெளிவாக இருந்தது.

காரணம் ரப்பரின் நெகிழ்வு. தாளின் பரப்பு மேடுபள்ளமானது. கடினமான கல்லோ உலோகமோ மேட்டை மட்டும் தொடும். ரப்பர் அமுங்கிப் பள்ளத்தையும் தொடும். இனி வேண்டுமென்றே தகட்டிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து தாளுக்கும் மையை மாற்றலாம் என்று ரூபெல் இயந்திரம் அமைத்தார். தகரத்தில் அச்சிட இடையில் ஓர் உருளையை வைத்து மையை மாற்றும் முறை 1875இலேயே இங்கிலாந்தில் இருந்தது. தாளுக்கு அது பரவியது இப்படித்தான்.

இன்று செய்தித்தாள் அடிக்கும் இயந்திரங்களில் ஒரு ரப்பர் உருளைக்கு எதிரே இன்னொரு ரப்பர் உருளை நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காகிதச் சுருள் ஓடும்போது இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் அச்சாகிறது. திருப்பிப் போடும் வேலையே இல்லை.

திருப்பிப் போடும் கணக்கு

தனித்தாளில் அச்சிடும்போது திருப்பிப் போடுவதற்கு முறை உண்டு. தாளின் முன் விளிம்பைக் கிரிப்பர்கள் பிடித்து இழுக்கும். பக்கவாட்டு விளிம்பு ஒரு தடுப்பில் முட்டி நேராகும். ஒரே தகட்டில் இடப்பாதி முன்பக்கமும் வலப்பாதி பின்பக்கமும் இருக்கும்படி வைத்து, தாளின் ஒரு பக்கம் முழுதும் அடித்துவிட்டு, பக்கவாட்டில் திருப்பி, அதே தகட்டில் மறுபக்கம் அடித்து நடுவே வெட்டினால், இருபுறமும் அச்சான இரண்டு பிரதிகள் கிடைக்கும். ஒரு தகட்டுச் செலவு மிச்சம். இப்படித் திருப்பும்போது கிரிப்பர் பிடிக்கும் விளிம்பு மாறாது. தலைகீழாகத் திருப்பினால் எதிர் விளிம்பைப் பிடிக்கவேண்டி வரும். தாள்கள் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால், அந்த வித்தியாசம் அப்படியே பின்பக்கத்தில் தெரியும்.

புத்தகத்துக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள் ஃபாரம் என்று சொல்வது பெரும்பாலும் 16 பக்கம். ஒரு தாளை மூன்று முறை மடித்து, மடிப்பை வெட்டாமல் பக்கங்களுக்கு எண் போட்டுவிட்டு விரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 வரும். மறுபக்கத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 வரும். தைக்கும் மடிப்பை ஒட்டிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். குழந்தைகளோடு சேர்ந்து இதைச் செய்து பார்க்கலாம். புத்தகம் பிறக்கும் விதம் அதில் தெரியும்.

வீட்டு பிரின்டரிலும் இதே கணக்குதான். நீளவிளிம்பில் திருப்பவா, குறுவிளிம்பில் திருப்பவா என்று அது கேட்கும். நிமிர்ந்த பக்கத்தைப் புத்தகம்போல் இடப்புறம் தைக்கப்போகிறீர்கள் என்றால் நீளவிளிம்பு. மேலே கிளிப் போட்டு மாதக் காலண்டர்போல் மேல்நோக்கிப் புரட்டப்போகிறீர்கள் என்றால் குறுவிளிம்பு. மாறிப்போனால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

ஈரமும் சூடும்

ஆஃப்செட்டில் தகட்டுக்குத் தண்ணீர் வேண்டும். அதில் கொஞ்சம் தாளுக்கும் போகிறது. ஈரம் பட்ட செல்லுலோஸ் இழை பருமனில் நன்றாக வீங்கும். நீளத்தில் மிகக் குறைவாகவே நீளும். ஆலையில் தாள் ஓடும் திசையில்தான் பெரும்பாலான இழைகள் படுத்திருக்கும். ஆகவே தாள் அந்தத் திசைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரிகிறது. 30 அங்குலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தால் முக்கால் மில்லிமீட்டர். முன்பக்கம் அடித்தபோது இருந்த அளவு, பின்பக்கம் அடிக்கும்போது இருக்காது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பிசகு இது.

சிவகாசியின் வறண்ட காற்று மை காயவும் தாள் நிலையாக இருக்கவும் உதவுகிறது. ஆனால் காலண்டர், டைரி வேலை உச்சத்தில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. அப்போது தாள்கட்டின் ஓரங்கள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி அலையலையாகும். நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். தாளை அச்சுக்கூடத்தின் காற்றுக்குப் பழகவிடுவதும், கட்டுகளை மூடியே வைப்பதும் இதற்காகத்தான்.

மை காயக் காத்திருப்பதும் முக்கியம். தனித்தாள் ஆஃப்செட் மை முதலில் எண்ணெயின் ஒரு பகுதியைத் தாளுக்குள் விட்டு இறுகுகிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பல மணி நேரத்தில் கெட்டிப்படுகிறது. அவசரப்பட்டால் அடுக்கிய தாளின் பின்பக்கத்தில் கீழ்த்தாளின் மை ஒட்டிக்கொள்ளும். தாள்களுக்கு நடுவே மெல்லிய ஸ்டார்ச் பவுடரைத் தூவி அந்த ஒட்டலைத் தடுக்கிறார்கள்.

அலுவலக லேசர் பிரின்டரில் மைக்குப் பதில் பிளாஸ்டிக் தூள். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதை உருக்கித் தாளில் ஒட்டுகிறார்கள். முதல் பக்கம் முடிந்ததும் தாளிலிருந்த ஈரம் ஆவியாகி, தாள் சுருள்கிறது. அந்தச் சுருண்ட தாளைத்தான் இயந்திரம் பின்னோக்கி இழுத்துத் திருப்பி மறுபடி உள்ளே விடுகிறது. மழைக்காலத்தில் பிரித்துப்போட்ட தாளில் இருபக்கம் அடிக்கும்போது அடிக்கடி சிக்கிக்கொள்வது இதனால்தான். தேவையான தாளை மட்டும் எடுத்துவிட்டு மீதிக் கட்டை மூடி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

நீதிமன்றம் தாளைத் திருப்பியது

ஒரு பக்கம் மட்டும் எழுதுவதற்கு நியாயமான காரணங்கள் இருந்த காலமும் உண்டு. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்பும்படி தமிழ்ப் பத்திரிகைகள் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஒரே கட்டுரையைப் பிரித்துப் பலர் கோப்பார்கள்; பின்பக்கமும் எழுதியிருந்தால் பிரிக்க முடியாது. அந்தத் தேவை போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் பல அலுவலகங்களில் நீடிக்கிறது.

இந்தப் பழக்கத்தை நாட்டின் உச்ச நீதிமன்றமே மாற்றியிருக்கிறது. நீளமான தாளில் ஒருபுறம் மட்டும் அச்சிட்டு மனு தாக்கல் செய்வது அங்கே நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2020 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை அதை மாற்றியது. 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம், இரண்டு பக்கமும் அச்சு, 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, இடவலம் 4 சென்டிமீட்டர் ஓரம் என்று அது வரையறுத்தது. இருபுறமும் அடியுங்கள் என்று சொன்ன அதே உத்தரவு தாளின் எடையையும் சொன்னது கவனிக்கத்தக்கது. மெல்லிய தாளில் இருபுறமும் அடித்தால் படிக்க முடியாது; படிக்க முடியாவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். ஓரம் அகலமாக இருந்தால் தைத்த கட்டிலும் இரண்டு பக்கத்து எழுத்தும் மடிப்புக்குள் மறையாது.

கணக்கை நாமே போடலாம். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதில் 16இல் ஒரு பங்கு ஏ4. ஆகவே 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 4.7 கிராம். 200 பக்க மனுவை ஒருபுறம் அடித்தால் 940 கிராம். இருபுறம் அடித்தால் 470 கிராம். வழக்கறிஞர், எதிர்த்தரப்பு, நீதிபதிகள் என்று பல பிரதிகள் போகும்போது மிச்சமாவது கிலோக்கணக்கில் இருக்கும். தபால் செலவும் அலமாரி இடமும் பாதியாகும்.

தாளை மிச்சம்பிடிப்பதன் பயன் அச்சகத்துக்கு வெளியேதான் அதிகம். ஒரு தாளை அச்சிட ஆகும் மின்சாரத்தைவிட, அந்தத் தாளைத் தயாரிக்க ஆகும் ஆற்றல் பல மடங்கு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து, மரம் வெட்டும் தேவையைக் குறைத்தது. அது பாராட்டத்தக்க வேலை. ஆனாலும் சக்கையைக் கூழாக்கத் தண்ணீர் வேண்டும், வேதிப்பொருள் வேண்டும், கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும். எந்த மூலப்பொருளில் செய்தாலும், பயன்படுத்தாமல் விட்ட பின்பக்கத்துக்கும் இந்தச் செலவெல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

ஆகவே இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ உள்ள பிரின்டரின் அமைப்பைத் திறந்து, இருபக்க அச்சையே வழக்கமான தேர்வாக மாற்றி வையுங்கள். தாள் வாங்கும்போது 75 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டு பக்கம் அடிக்கத் தெரியாத பழைய இயந்திரமாக இருந்தால், ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடித்து, தாளை ஆறவிட்டு, திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வீணான தாள்களைக் குப்பையில் போடாமல், வெற்றுப்பக்கம் மேலே வரும்படி தைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு நோட்டாகக் கொடுங்கள்.